பேக்மேன் பின்பால் மக்கர் செய்கிறதா? அறிகுறியிலிருந்து ஆரம்பிப்போம்

1982-ல் சிகாகோவின் பேலி கம்பெனி ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் பேக்மேன்’ என்று ஒரு பின்பால் மேஜையைக் கொண்டுவந்தது. வீடியோ கேம் கடைகளில் பேக்மேன் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த நேரம். படத்தை ஒட்டி, பெயரைப் போட்டு விற்றிருந்தாலே ஓடியிருக்கும். ஆனால் வடிவமைத்த ஜார்ஜ் கிறிஸ்டியன் அதோடு விடவில்லை. மேஜையின் நடுவில் ஐந்துக்கு ஐந்து என்று 25 கட்டம் போட்டு, அடியில் விளக்குகளை வைத்து, பந்து குழியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் ஃபிளிப்பர் (பந்தை அடிக்கும் துடுப்பு) பொத்தான்களாலேயே பேக்மேனாகிய மஞ்சள் விளக்கை ஓட்டிக்கொண்டு பேயாகிய சிவப்பு விளக்கிடமிருந்து தப்பிக்க வேண்டும் என்று ஒரு குட்டி பேக்மேனையே உள்ளே வைத்துவிட்டார். சுமார் 10,600 மேஜைகள் செய்தார்கள். இன்று மிச்சமிருப்பவற்றில் பல வீடுகளில் நிற்கின்றன, நாற்பது வயது தாண்டியும்.

என்னிடம் இருப்பது, “சின்ன ரிப்பேர்தான், எம்பியு போர்டை மாற்றினால் ஓடிவிடும்” என்ற வாக்குறுதியோடு வந்தது. எம்பியு போர்டு என்றால் ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர் பலகை. நம்பி மாற்றினேன். ஓடவில்லை. கடைசியில் பார்த்தால் ஃப்யூஸ் ஒன்று போயிருந்தது, அவ்வளவுதான். அந்தக் காசுக்கு நூறு ஃப்யூஸ் வாங்கியிருக்கலாம். அதனால்தான் கீழே எங்கேயும் “போர்டை மாற்றுங்கள்” என்று முதல் வரியில் இருக்காது. இந்த மெஷின் தனக்கு என்ன கோளாறு என்று பெரும்பாலும் தானே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. உள்ளே 120 வோல்ட் மெயின் லைன் இருக்கிறது. ஃபிளிப்பரையும் பந்தையும் உதைக்கும் காயில்களுக்கு (சோலினாய்டு என்றும் சொல்வார்கள்) 43 வோல்ட். ஸ்கோர் காட்டும் டிஸ்பிளேக்கு 190 வோல்ட், அதைத் தயாரிக்கும் இடத்தில் 230 வரை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் நிற்கும், உடனே கையை விடாதீர்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் கனெக்டரையும் கழற்றவோ மாட்டவோ கூடாது. மேஜைப் பலகையைத் தூக்கும் முன் பந்தை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது உருண்டு போய் எதையாவது உடைக்கும். தேவையான கருவி பெரிதாக ஒன்றுமில்லை: மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன், டார்ச், பழைய விசிட்டிங் கார்டு ஒன்று.

சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே இல்லை

சுவரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பார்த்துவிடுங்கள். அப்புறம் மெயின் ஃப்யூஸ். ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து “நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்வது வேலைக்கு ஆகாது. ஹோல்டரிலிருந்து வெளியே எடுத்து மீட்டரில் வைத்துப் பாருங்கள். ஹோல்டரின் பிடி தளர்ந்திருந்தாலும் ஃப்யூஸ் போனதைப் போலவே காட்டும். போனதற்குப் பதிலாகப் போடும் ஃப்யூஸ் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுதான் இருக்க வேண்டும். “10 ஆம்பியர் கிடைக்கவில்லை, 15 போட்டேன்” என்றால், அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

ஃப்யூஸ் சரி, ஆனால் சுற்றுப்புற விளக்குகள் மட்டும் எரியவில்லை அல்லது மங்கலாக இருக்கின்றன என்றால் மெஷினுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரெக்டிஃபையர் போர்டுக்குப் போங்கள். அந்த விளக்குகளுக்கான கனெக்டர் பழுப்பேறிக் கருகியிருக்கும். எல்லாப் பல்புகளின் சுமையும் அந்தச் சில பின்கள் வழியாகத்தான் போகிறது, நாற்பது வருடச் சூட்டில் வேறு எப்படி இருக்கும். பின், பிளக் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

விளக்கு எரிகிறது, ஆட்டம் தொடங்க மாட்டேன் என்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சுற்றுப்புற விளக்குகள் கம்ப்யூட்டருக்குக் கட்டுப்பட்டவை அல்ல, மின்சாரம் வந்தால் எரியும். எனவே அவை எரிவதை வைத்து “போர்டு நன்றாக இருக்கிறது” என்றோ “போர்டுதான் போச்சு” என்றோ முடிவு கட்ட முடியாது. மேஜையின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பெட்டியைத் திறந்து எம்பியு போர்டைப் பாருங்கள், ஏஎஸ்-2518-35 என்று பெயர். அதில் சின்னதாக ஒரு சிவப்பு எல்இடி இருக்கும். மெஷினை அணைத்துவிட்டு, அதன் மேல் கண்ணை வைத்துக்கொண்டு மறுபடி போடுங்கள்.

முதலில் கண் சிமிட்டுவது போலச் சட்டென்று ஒரு மினுக்கல் வரும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதன் பிறகு நிதானமாக ஏழு முறை மின்ன வேண்டும். ஒவ்வொரு மின்னலும் “இதைச் சோதித்தேன், சரியாக இருக்கிறது” என்று போர்டு சொல்வது. எத்தனையாவதில் நிற்கிறதோ அதற்கு அடுத்ததில் கோளாறு.

ஒன்றாவது மின்னல், ஆட்டத்தின் நிரல் இருக்கும் ரோம் சிப்புகள் சரி. இரண்டாவது, யு7 என்ற 6810 ராம். மூன்றாவது, யு8 என்ற 5101 ராம், ஹை ஸ்கோரை நினைவில் வைத்திருப்பது இதுதான். நான்காவது யு10, ஐந்தாவது யு11, இரண்டும் வெளியுலகோடு பேசும் பிஐஏ சிப்புகள். ஆறாவது, டிஸ்பிளேவுக்குத் தாளம் போடும் 555 டைமர், யு12. ஏழாவது, காயில்களுக்கான 43 வோல்ட் வந்து சேர்கிறதா என்பது.

அந்த ஏழாவதை மறுபடி படியுங்கள். ஆறு முறை மின்னி நின்றுவிட்டால், உங்கள் எம்பியு போர்டு கிட்டத்தட்ட முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது, 43 வோல்ட்தான் அதற்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். ரெக்டிஃபையர் போர்டில் சோலினாய்டுக்கான ஃப்யூஸைப் பாருங்கள், அப்புறம் அந்த மின்சாரம் வரும் வழியில் இருக்கும் கனெக்டர்களைப் பாருங்கள். நான் புதுப் போர்டு வாங்கிய கதை இதுதான். புதுப் போர்டும் ஆறு முறை மின்னி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டு, மூன்று, நான்கு என்று நடுவில் நின்றால் அதற்கு அடுத்த மின்னலுக்குரிய சிப்பை மாற்றும் முன் அதன் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். மெஷினை அணைத்துவிட்டுச் சிப்பை மெதுவாகக் கழற்றி, கால்களைத் துடைத்து, மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள். இதிலேயே உயிர் வந்த போர்டுகள் நிறைய. யு10, யு11 இரண்டும் ஒரே வகைச் சிப் என்பதால் இடம் மாற்றிப் போட்டும் பார்க்கலாம். நான்காவது வராமல் நின்ற இடம் ஐந்தாவதுக்கு மாறினால் சிப்தான் குற்றவாளி, மாறவில்லை என்றால் சாக்கெட்டோ போர்டின் தடமோ.

எல்இடி மின்னவே இல்லை, போட்டவுடன் எரிந்து அப்படியே நின்றுவிட்டது என்றால் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கவே இல்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரி. பேலி இந்தப் போர்டிலேயே ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சோல்டர் செய்து வைத்தது. அது வயதானால் கசியும், பக்கத்திலேயே இருக்கும் ரீசெட் பகுதியை அரித்துத் தின்னும். பச்சைக் களிம்பு, சாம்பல் நிறமான செம்புத் தடம், நுனி கறுத்த ரெசிஸ்டர் கால், இவை கண்ணில் பட்டால் அதுதான். இன்னும் கசியாமல் அந்தப் பேட்டரி உங்கள் போர்டில் இருந்தால், இதைப் படித்து முடிக்க வேண்டாம், போய் வெட்டி எடுத்துவிட்டு வாருங்கள்.

கசிந்தது காரம். ஆகவே வினிகரைத் தொட்டு டூத் பிரஷால் தேய்த்து, தண்ணீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். களிம்பு ஏறிய உதிரிகளை எடுத்துவிட்டு, செம்பு பளபளவென்று தெரியும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அப்புறம் புதியவற்றை வையுங்கள். களிம்பு மேல் ஈயம் ஒட்டாது, ஒட்டியது போல் நடிக்கும்.

பிறகு மீட்டரை எடுத்து யு9 என்ற 6800 சிப்பில் அளந்து பாருங்கள். 1-வது காலுக்கும் 8-வது காலுக்கும் நடுவில் 5 வோல்ட் இருக்க வேண்டும். 40-வது கால் ரீசெட். போட்ட கணத்தில் பூஜ்யத்தில் இருந்து உடனே 5-க்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். ஏறவில்லை என்றால் ரீசெட் பகுதியில் இன்னும் எதோ அரித்துக் கிடக்கிறது, அல்லது போர்டுக்கு 12 வோல்ட் வரவில்லை. 12 இல்லாமல் ரீசெட் விடுபடாது, இதை மறந்துவிட்டு 5 வோல்ட்டையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருப்பவர்கள் உண்டு.

பேட்டரி இல்லாமலும் ஆட்டம் ஓடும். ஹை ஸ்கோர் நிற்காது, போடும்போது கிரெடிட் கண்டபடி காட்டலாம், அவ்வளவுதான். வேண்டுமென்றால் மூன்று டபுள் ஏ பேட்டரிகளை ஒரு ஹோல்டரில் போட்டு, போர்டிலிருந்து தள்ளி, கசிந்தாலும் எதன் மேலும் சொட்டாத இடத்தில் வையுங்கள். நடுவில் ஒரு டயோடு கட்டாயம். அது இல்லையென்றால் பழைய பேட்டரியை சார்ஜ் செய்தது போல இதையும் போர்டு சார்ஜ் செய்யப் பார்க்கும்.

ஆடும்போதே அணைந்து மறுபடி எழுகிறது

பந்து நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, அதுவும் ஃபிளிப்பரை அடித்த நேரத்தில், எல்லாம் அணைந்து முதலிலிருந்து வருகிறதா? 5 வோல்ட் ஒரு கணம் விழுகிறது. சோலினாய்டு டிரைவர் போர்டில் பெரிய டப்பா போல நிற்கும் சி23 கெப்பாசிட்டர் நாற்பது வருடம் உழைத்துவிட்டது, முதலில் அதை மாற்றுங்கள். அதே போர்டில் கெப்பாசிட்டரின் கிரவுண்டும் 5 வோல்ட்டும் கனெக்டர் வழியாக வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்ப வருகின்றன. போர்டின் பின்புறத்திலேயே குட்டி வயர் வைத்து அவற்றை நேராக இணைத்துவிடுவது பழைய பேலி மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்யும் வேலை. கூடவே எல்லாப் போர்டுகளிலும் கனெக்டர் பின்களின் பின்புறத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பின்னைச் சுற்றி மெல்லிய மோதிரம் போல விரிசல் தெரியும். புதிதாக ஈயம் வைத்துவிட்டால் ‘சில நாள் ஓடும், சில நாள் ஓடாது’ வகை வியாதிகளில் பாதி போய்விடும்.

ஃபிளிப்பர் தூங்குகிறது

இந்தத் தலைமுறை பேலியில் ஃபிளிப்பரைக் கம்ப்யூட்டர் ஆட்டுவதில்லை. ஆட்டம் தொடங்கும்போது சோலினாய்டு டிரைவர் போர்டில் ஒரு ரிலே ‘டக்’ என்று மூடும், அதன் பிறகு பொத்தானுக்கும் காயிலுக்கும் நேரடித் தொடர்பு. ஃபிளிப்பர் எதுவுமே அசையவில்லையா, அந்த ‘டக்’ கேட்கிறதா என்று காது கொடுங்கள். கேட்கவில்லை என்றால் ரிலேயோ அதை இயக்கும் டிரான்சிஸ்டரோ. ஃபிளிப்பர் மட்டும் ஆடுகிறது, மற்ற எந்தக் காயிலும் அடிக்கவில்லை என்றால் மேஜைப் பலகைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஃப்யூஸைத் தேடுங்கள். அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

அடிக்கிறது, ஆனால் பலமில்லை, பந்து பாதி வழியில் திரும்பிவிடுகிறது என்றால் விஷயம் ஃபிளிப்பர் முழுதாக எழும்பும்போது திறக்கும் லீஃப் சுவிட்சில் (மெல்லிய உலோகத் தகடுகளால் ஆன சுவிட்ச்). ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு: ஓங்கி அடிக்கத் தடித்த கம்பி, தூக்கியே பிடித்திருக்க மெல்லிய கம்பி. ஃபிளிப்பர் படுத்திருக்கும்போது இந்த லீஃப் சுவிட்ச் மூடியிருந்து மெல்லிய சுற்றைத் தாண்டி மின்சாரத்தை விட வேண்டும், மேலே போனதும் சுமார் 3 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். முனை கருகி ஒழுங்காக மூடவில்லை என்றால் அடி பலமிழக்கும். திறக்கவே இல்லை என்றால் காயில் சுட்டு, வாடை வந்து, ஃப்யூஸைக் கொண்டுபோகும். இதன் முனை டங்ஸ்டன், அரம் வைத்துத் தேய்க்கலாம், தேய்க்கத்தான் வேண்டும். இந்த வரியை நினைவில் வையுங்கள், அடுத்த பகுதியில் இதற்கு நேர்மாறாகச் சொல்லப்போகிறேன். லீஃப் சரியாக இருந்தும் பலமில்லை என்றால் காயிலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயும் அதில் ஓடித் தேய்ந்த பிளஞ்சர் தண்டும்தான். அவற்றை எண்ணெய் போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

பேக்மேன் நகர மாட்டேன் என்கிறான்

இந்த மேஜைக்கே உரிய கோளாறு. ஃபிளிப்பர் பிரமாதமாக அடிக்கிறது, ஆனால் கட்டத்துக்குள் போனால் மஞ்சள் விளக்கு திரும்புகிறது, நகரவில்லை. அல்லது நகர்கிறது, திரும்பவில்லை. உடனே கம்ப்யூட்டர் மேல் பழி விழும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஃபிளிப்பர் அடிப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்றால் பேக்மேனை நகர்த்தச் சொன்னது மட்டும் எப்படித் தெரியும்? பொத்தான் அழுத்தியதை அதற்குச் சொல்லத் தனியாகச் சின்னத் தொடர்பு முனைகள் இருக்கின்றன. ஃபிளிப்பரின் 43 வோல்ட் முனை தடி முனை, அழுக்கு இருந்தாலும் பொறி பறக்க வேலை செய்துவிடும். கம்ப்யூட்டர் படிக்கும் முனை 5 வோல்ட்டில், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுகிறது. அதற்கு ஒரு துளி அழுக்குப் போதும்.

இங்கே அரத்தைத் தூக்கினால் கெட்டது குடி. இந்த முனைகளில் தங்கப்பூச்சு இருக்கும், ஒரு இழுப்பில் போய்விடும், அப்புறம் மாதத்துக்கு ஒரு முறை இதே வேலைதான். விசிட்டிங் கார்டை இரண்டு முனைகளுக்கும் நடுவில் செருகி, விரலால் லேசாக அழுத்திப் பிடித்து, இரண்டு மூன்று முறை இழுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை இழுங்கள், பிறகு இடைவெளியைச் சரிபாருங்கள்.

கட்டத்து ஆட்டமே தொடங்கவில்லை, பந்து குழியில் உட்கார்ந்துகொண்டு சும்மா இருக்கிறது என்றால் குழிக்கு அடியில் இருக்கும் சுவிட்ச். பந்தின் எடை அதை முழுதாக மூட வேண்டும். நான்கைந்து அடி வைத்தவுடன் பேக்மேன் நின்றுவிடுகிறான் என்று கவலைப்படுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அது கோளாறு இல்லை, நகர்வுகளை மேஜையில் ஆடிச் சம்பாதிக்க வேண்டும், சம்பாதித்தது தீர்ந்துவிட்டது.

கட்டத்தில் சில விளக்கு எரியவில்லை, சில விளக்கு நடுங்குகிறது

காசுப்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், சோதனைப் பொத்தான். ஒரு முறை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஆட்டும் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்து அணையும். 25 கட்டத்தில் எங்கே ஓட்டை என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் இதைக் கண்டுபிடிக்க முயன்றால் பைத்தியம் பிடிக்கும்.

ஒற்றை விளக்கு என்றால் பல்பு. புதுப் பல்பும் எரியவில்லை என்றால் ஹோல்டர் துருப்பிடித்திருக்கும், திருகிப் பாருங்கள், மின்னினால் ஹோல்டரையே மாற்றுங்கள். இரண்டும் சரி என்றால் விளக்குப் போர்டில் அந்த விளக்குக்கான எஸ்சிஆர், அதாவது விளக்கைப் போடும் மின்னணு சுவிட்ச். சின்னது 2என்5060, பெரியது எம்சிஆர்106. ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்று. அணைக்கவே முடியாமல் எரிந்துகொண்டே இருக்கும் விளக்குக்கும் காரணம் இதே எஸ்சிஆர்தான், ஷார்ட் ஆகியிருக்கும். ஒரு கூட்டமாகப் பல விளக்குகள் போயிருந்தால் எஸ்சிஆரை விட்டுவிட்டு, கனெக்டரையும், எந்த விளக்கு எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் 14514 என்ற டிகோடர் சிப்பையும் பாருங்கள். பெரிய விளக்குப் போர்டில் அது நான்கு இருக்கும், ஒன்றுக்கு 15 விளக்கு வீதம் 60 விளக்கு. இந்த மேஜைக்கு 60 போதாது என்று கூடுதலாக ஒரு துணைப் போர்டும் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

நடுக்கத்துக்கு வருவோம். பழைய பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டீர்களா? ஆமாம் என்றுதான் சொல்வீர்கள். எஸ்சிஆர் திறந்தே இருக்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும், எல்இடி அவ்வளவு குடிப்பதில்லை, அதனால் பிடி விட்டுப் பிடி விட்டு நடுங்கும். ஹோல்டரில் பல்புக்கு இணையாக 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் அடங்கிவிடும், அல்லது இதற்கென்றே உள்ளே ரெசிஸ்டரோடு வரும் எல்இடியை வாங்கலாம். பேக்மேன் கட்டத்தில் மட்டும் பழைய 47 நம்பர் பல்பையே விட்டுவிடுவது என் பழக்கம். பேய் நடுங்கினால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஒரு காயில் இழுத்துக்கொண்டே இருக்கிறது

படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அணையுங்கள். சில நொடிகளில் காயில் புகையும்.

டிரான்சிஸ்டர் ஷார்ட். சோலினாய்டு டிரைவர் போர்டில் அந்தக் காயிலுக்கான எஸ்இ9302-ஐ எடுத்துவிட்டு டிஐபி102 போடுங்கள், இன்னும் பலமானது. ஆனால் அது ஏன் போனது? காயிலின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் 1என்4004 டயோடு ஒன்று இருக்கும். அதன் கால் உடைந்திருந்தால் காயில் அணையும் ஒவ்வொரு முறையும் எழும் மின்னுதை டிரான்சிஸ்டரைத் தாக்கும். அதை மாற்றாமல் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் இதே இடத்துக்கு வருவீர்கள். டயோடின் கோடு போட்ட பக்கம் மின்சாரம் வரும் முனையில் இருக்க வேண்டும், திருப்பி வைத்தால் காயில் அடித்த முதல் அடியிலேயே ஃப்யூஸ் போகும்.

ஸ்கோர் தெரியவில்லை

எல்லா டிஸ்பிளேயும் இருட்டு என்றால் உயர் வோல்ட்டேஜ் ஃப்யூஸ், அப்புறம் 190 வோல்ட் வருகிறதா என்று ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அளப்பது. ஒன்று மட்டும் இருட்டு என்றால் அணைத்துவிட்டு இன்னொரு ஆட்டக்காரரின் டிஸ்பிளேயோடு இடம் மாற்றிப் பாருங்கள், கோளாறு கூடவே போனால் டிஸ்பிளேதான். நன்றாக ஓடினாலும் அந்த 190-ஐ 170 பக்கம் குறைத்து வைத்தால் இந்தப் பழைய வாயுக்குழாய்கள் இன்னும் பல வருடம் வரும், வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது.

யாரும் தொடாமல் பாயிண்ட் ஏறுகிறது

சோதனைப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் விளக்கு, டிஸ்பிளே, காயில், ஒலி எல்லாம் தாண்டிச் சுவிட்ச் சோதனை வரும். மூடியபடி மாட்டிக்கொண்ட சுவிட்சின் எண்ணைக் காட்டும், ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம். எண்ணை வைத்து அந்த இடத்துக்குப் போனால் சுவிட்ச் திறந்துதான் இருக்கும், இடைவெளி தெளிவாகத் தெரியும், அங்கேதான் பலர் தலையைச் சொறிவது. வேகமாக அடிபடும் சுவிட்சுகளில் பேலி ஒரு சின்ன வட்டக் கெப்பாசிட்டரை வைத்தது, பந்து தொட்டுவிட்டு ஓடும் அந்தக் கண நேரத்தையும் கம்ப்யூட்டர் தவறவிடாமல் இருக்க. அது ஷார்ட் ஆனால் சுவிட்ச் மூடியதாகவே கணக்கு. ஒரு காலை மட்டும் வெட்டிவிட்டுச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். பூஜ்யம் வந்தால் புதியதை வையுங்கள். ஒரு சுவிட்சைத் தட்டினால் வேறொன்றுக்குப் பாயிண்ட் விழுகிறது என்றால் கெப்பாசிட்டரை விட்டுவிட்டு, அதே வரிசையில் இருக்கும் சுவிட்சுகளின் டயோடுகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வாருங்கள். ஒன்று இரண்டு பக்கமும் மின்சாரத்தை விடும்.